செட்டிங்ஸ் கோப்பை எந்த ஃபோல்டரில் வைப்பது? கடைக்கு நிரல் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் நிரல் எழுதிக் கொடுக்கத் தொடங்கினால் முதலில் தேடி வரும் வேலைகள் இப்படித்தான் இருக்கும்: செம்பனைப் பழக்குலை வாங்கும் ரேம்புக்கு எடைச்சீட்டு அடிக்கும் நிரல், மளிகைக்கடைக்குக் கடன் கணக்கு, கோவிலுக்கு உபயக் கணக்கு. உங்கள் மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். கடைக் கணினியில் போட்ட மறுநாள் போன் வரும். காலையில் தமிழ் என்று தேர்ந்தெடுத்தது மாலையில் மலாய்க்கு மாறிவிட்டது. ஒரு கிராணி பெரிதாக்கிய எழுத்து அடுத்த கிராணிக்கு வரவில்லை. அல்லது சேமி பொத்தானை அழுத்தியதும் அனுமதி மறுக்கப்பட்டது என்று சொல்லி நிரல் மூடிக்கொள்கிறது.

இவை தனித்தனிப் பிழைகள் போலத் தெரியும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: செட்டிங்ஸ் கோப்பு தவறான ஃபோல்டரில் இருக்கிறது. எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முன் ஒவ்வொரு செட்டிங்கையும் பார்த்து "இது யாருடையது?" என்று கேட்க வேண்டும். ஆளுடையதா, கணினியுடையதா, கடையுடையதா? விடை தெரிந்துவிட்டால் ஃபோல்டர் தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு குறிப்பு: ஃபோல்டர், கட்டளைப் பெயர்கள் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. நிரலில் தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.

தொடங்கும் முன்: என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

பணம் ஒரு வெள்ளிகூட ஆகாது. விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி தனியாளுக்கு இலவசம். பைதான், ஜாவாவுக்கான ஓபன் ஜேடிகே, ஜன்னல் நிரல் எழுத உதவும் கியூட்டி நூலகத்தின் திறந்த உரிமப் பதிப்பு எல்லாமே இலவசம். வேண்டியவை இவ்வளவுதான்:

- அட்மின் உரிமை இல்லாத ஒரு சாதாரண விண்டோஸ் கணக்கு, உங்கள் கணினியிலேயே. உருவாக்கப் பத்து நிமிடம். இதுதான் மிக முக்கியமான கருவி.
- நிரலில் மாற்றக்கூடிய எல்லாவற்றையும் எழுதிய ஒரு தாள்.
- இனி மாற்றவே போவதில்லை என்று முடிவு செய்த இரண்டு பெயர்கள்: உங்கள் நிறுவனப் பெயர், நிரலின் பெயர்.

நேரம்: முதல் தடவை செய்பவருக்கு அரை நாள், சோதனைக்கு இன்னும் அரை நாள். கடைகளில் போட்ட பிறகு செய்தால், பழைய இடத்திலிருந்து கோப்பைத் தேடி எடுத்துப் புதிய இடத்துக்கு மாற்றும் நிரலையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

1. தாளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரரை எழுதுங்கள்

ரேம்பில் இருக்கும் எடை நிரலையே எடுத்துக்கொள்வோம். லாரி எடைமேடையின் காட்டிப்பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கணினிக்கு வருகிறது. நிரல் அதை காம் 3 என்ற போர்ட்டில், 9600 பாட் வேகத்தில் படிக்கிறது. இந்த இரண்டும் கணினியுடைய செட்டிங். அதே கிராணி நாளை வேறு கணினியில் உட்கார்ந்தால் அங்கே போர்ட் காம் 5 ஆக இருக்கலாம். யூஎஸ்பி மாற்றிக் கேபிளை வேறு துளையில் செருகினாலே எண் மாறலாம்.

திரை மொழி, எழுத்தின் அளவு, எந்தப் பத்தி முதலில் வரவேண்டும் என்பவை ஆளுடையவை. காலையில் வரும் அக்காவுக்குத் தமிழ் வேண்டும், மாலையில் வரும் பையனுக்கு மலாய் போதும். ஒருவர் மாற்றினால் மற்றவருக்கு மாறக்கூடாது.

ஜன்னல் திரையில் எந்த இடத்தில் திறக்க வேண்டும் என்பது ஆளுடையதுபோலத் தோன்றினாலும் கணினியையும் சேர்ந்தது. இரண்டு திரை உள்ள கணினியில் சேமித்த இடத்தை ஒரே திரை உள்ள கணினியில் பயன்படுத்தினால், ஜன்னல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திறந்து கிடக்கும். இதைக் கணினிப் பட்டியலில் போடுங்கள். திறக்கும்போது அந்த இடம் திரைக்குள் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

கடையின் பெயர், சீட்டில் அச்சிட வேண்டிய எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) உரிம எண், சீட்டு அச்சடிக்கும் பிரிண்டரின் தாள் அகலம்: இவை அந்தக் கணினியில் யார் உட்கார்ந்தாலும் ஒன்றாக இருக்க வேண்டியவை. கடையுடையவை.

இன்றைய டன் விலை? இது செட்டிங்கே இல்லை. தினமும் மாறும், நேற்றைய சீட்டை மறுபடி அச்சிடும்போது நேற்றைய விலை வேண்டும். தேதியோடு டேட்டாபேஸில் போக வேண்டிய தகவல் இது. செட்டிங்ஸ் கோப்பில் விலையை வைத்தால், பழைய சீட்டை மறுபடி அடிக்கும் நாளில் விவசாயிக்குத் தவறான தொகை போகும். கடன் பாக்கி, உறுப்பினர் பட்டியல் எல்லாமே இந்த வகை. கோப்பு தொலைந்தால் யாருக்காவது பணம் நஷ்டம் என்றால் அது செட்டிங் இல்லை.

2. பெயர்களை முடிவு செய்யுங்கள்

ஃபோல்டர் அமைப்பு: சிஸ்டம் தரும் இடம், அதற்குள் நிறுவனப் பெயர், அதற்குள் நிரலின் பெயர், அதற்குள் கோப்பு. நிறுவனம் இல்லையென்றால் ஏதாவது ஒரு சிறு பெயர் வையுங்கள், ஆனால் விடாதீர்கள். நாளைக்கு இரண்டாவது நிரல் எழுதும்போது தெரியும்.

இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே, இடைவெளி இல்லாமல் வையுங்கள். விண்டோஸ் தமிழ்ப் பெயரை ஏற்கும். ஆனால் நீங்கள் பயன்படுத்தும் பழைய நூலகம் ஏதாவது ஒன்று ஏற்காது. பதிப்பு எண்ணை ஃபோல்டர் பெயரில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், 1.1 போட்ட அன்று 1.0இல் இருந்த எல்லாச் செட்டிங்கும் காணாமல் போனதுபோல் தெரியும்.

நம் ஊருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஆளுக்கு ஒரு கோப்பு என்று நினைத்து, மைகார்டு அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரையே கோப்புப் பெயராக வைப்பார்கள். நம் பெயர்களில் இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி இருக்கும். அந்தச் சாய்கோடு விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் வரக்கூடாத எழுத்து. அதை ஃபோல்டர் பிரிப்பானாக எடுத்துக்கொள்ளும். "முனியாண்டி ஏ" என்ற இல்லாத ஃபோல்டருக்குள் "எல் சுப்பையா" என்ற கோப்பைத் தேடப் போய், ஃபோல்டர் இல்லை என்ற பிழை வரும். சீனக் கிராணியின் பெயரில் நிரல் சரியாக ஓடும், தமிழர் பெயரில் மட்டும் விழும். காரணம் புரியாமல் ஒரு நாள் போய்விடும். பெயரைக் கோப்புப் பெயராக்காதீர்கள். எண்ணை வையுங்கள், பெயர் கோப்புக்குள் இருக்கட்டும்.

3. ஃபோல்டரைச் சிஸ்டத்திடம் கேளுங்கள், நீங்களாக எழுதாதீர்கள்

விண்டோஸில் மூன்று இடங்கள், மூன்று சொந்தக்காரர்கள்:

- ஆளுடையது: அந்தக் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ரோமிங்.
- இந்தக் கணினியில் இந்த ஆளுக்கு மட்டும் (ஜன்னல் இடம் மாதிரி): ஆப்டேட்டாவுக்குள் லோக்கல்.
- கடையுடையது, எல்லாக் கணக்குக்கும் பொது: சி டிரைவில் புரோகிராம்டேட்டா.

காம் போர்ட் எண் எந்த ஆள் வந்தாலும் ஒன்றுதான் என்றால் அதையும் புரோகிராம்டேட்டாவில் வையுங்கள். ரோமிங் என்ற பெயரைப் பார்த்து, கடையின் இரண்டு கணினிக்கும் செட்டிங்ஸ் தானாகப் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். டொமைன் சர்வர் வைத்து ரோமிங் புரொஃபைல் அமைத்த அலுவலகங்களில்தான் அது நகரும். மளிகைக்கடையில் அது அங்கேயே இருக்கும்.

இந்த முகவரிகளை நிரலுக்குள் கையால் எழுதக்கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் விண்டோஸை முதன்முதலில் தொடங்கியவருக்கு, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உருவாகும் பெயர் பெரும்பாலும் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தாகத்தான் இருக்கும். திரையில் தெரியும் பெயரும் ஃபோல்டர் பெயரும் வேறுவேறு. ஊகித்து எழுதினால் அங்கே தவறும்.

சி ஷார்ப்பில் என்விரான்மென்ட் வகுப்பின் கெட்ஃபோல்டர்பாத் கட்டளைக்கு அப்ளிகேஷன்டேட்டா என்று கொடுத்தால் ரோமிங், லோக்கல்அப்ளிகேஷன்டேட்டா என்றால் லோக்கல், காமன்அப்ளிகேஷன்டேட்டா என்றால் புரோகிராம்டேட்டா கிடைக்கும். பைதானில் பிளாட்ஃபார்ம்டர்ஸ் என்ற சிறு நூலகம் போதும். கியூட்டியில் கியூஸ்டாண்டர்ட்பாத்ஸ். எலெக்ட்ரானில் ஆப்.கெட்பாத் கட்டளைக்கு யூசர்டேட்டா.

மேக்கில் ஆளின் லைப்ரரி ஃபோல்டருக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட். பக்கத்தில் பிரிஃபெரன்சஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பெயரைப் பார்த்து அதில் நீங்களாகக் கோப்பு எழுதாதீர்கள், அதைச் சிஸ்டமே கவனிக்கிறது. லினக்ஸில் எக்ஸ்டிஜி கான்ஃபிக் ஹோம் என்ற மாறியைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் வீட்டு ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக். தோட்டப் பட்டணத்துக் கடைகளில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் விண்டோஸ்தான். ஆனால் மேலே சொன்ன கட்டளைகளில் பெரும்பாலானவை மூன்று சிஸ்டத்திலும் சரியான இடத்தைத் தரும்.

எங்கெல்லாம் வைக்கக்கூடாது:

புரோகிராம் ஃபைல்ஸ். நிரலோடு பக்கத்திலேயே வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சாதாரணக் கணக்கால் அங்கே எழுத முடியாது. உங்கள் மடிக்கணினியில் வேலை செய்ததற்குக் காரணம், நீங்கள் உங்கள் சொந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டினீர்கள். மேனிஃபெஸ்ட் (நிரலுக்கு என்ன உரிமை வேண்டும் என்று விண்டோஸிடம் சொல்லும் குறிப்பு) இல்லாத பழைய 32 பிட் நிரல் என்றால் இன்னும் மோசம்: பிழையே வராது. விண்டோஸ் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் லோக்கலுக்குள் வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்கு மாற்றி எழுதிவிடும். ஒவ்வொரு கிராணிக்கும் தனிப் பிரதி உருவாகும். நீங்கள் போய் புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள கோப்பைத் திருத்துவீர்கள். நிரலோ வேறொன்றைப் படித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்தாக "அட்மினாக ஓட்டு" என்று குறுக்குவழியில் டிக் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். கடைக்காரரின் கணினியில் எடைச்சீட்டு நிரலுக்கு முழு அதிகாரமும் கொடுப்பது தவறு. அதோடு கிராணியிடம் அட்மின் கடவுச்சொல்லும் தர வேண்டியிருக்கும்.

வெறும் கோப்புப் பெயர். ஃபோல்டர் சொல்லாமல் கோப்புப் பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் அப்போது நிற்கும் ஃபோல்டரில் எழுதும். குறுக்குவழியிலிருந்து திறந்தால் ஓர் இடம், கட்டளைத் திரையிலிருந்து திறந்தால் இன்னோர் இடம்.

டாக்குமென்ட்ஸ். ஒன்டிரைவ் அதை இழுத்துக்கொண்டிருக்கலாம். அதோடு அது ஆள் தன் கடிதங்களை வைக்கும் இடம். தெரியாத கோப்பைப் பார்த்தால் அழித்துவிடுவார்கள்.

பைஇன்ஸ்டாலர் தற்காலிக ஃபோல்டர். பைதான் நிரலை ஒரே கோப்பாகக் கட்டினால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரித்து வைத்து ஓடும்; மூடியதும் அந்த ஃபோல்டர் அழிக்கப்படும். நிரல்கோப்பின் இடத்தை வைத்துக் கணக்கிட்ட செட்டிங்ஸ் கோப்பும் அதோடு போகும். "தினமும் காலையில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது" என்று சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

4. ஃபோல்டரை நீங்களே உருவாக்குங்கள், நிரலுக்குள்ளிருந்து

சிஸ்டம் இடத்தைத்தான் சொல்லும். உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர் முதல் நாள் இருக்காது. எழுதும் முன் உருவாக்குங்கள். டாட்நெட்டின் (சி ஷார்ப் நிரல் ஓடும் தளம்) கிரியேட் டைரக்டரி ஏற்கெனவே இருந்தாலும் சண்டை போடாது. பைதானில் மேக்டர்ஸ் கட்டளைக்கு எக்சிஸ்ட் ஓகே என்று சேர்க்க வேண்டும்.

ஆளுடைய செட்டிங்ஸை இன்ஸ்டாலர் எழுதக்கூடாது. கடையில் கிராணியின் கணக்கில் இன்ஸ்டாலரை ஓட்டுவீர்கள், அட்மின் கடவுச்சொல்லை முதலாளி வந்து தட்டுவார். அந்த நொடியிலிருந்து இன்ஸ்டாலர் முதலாளியின் கணக்கில் ஓடுகிறது. ஆப்டேட்டா என்றால் முதலாளியின் ஆப்டேட்டா. கிராணி திறக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. நிரல் முதன்முதலில் திறக்கும்போது தானே உருவாக்கிக்கொள்வதே சரி.

புரோகிராம்டேட்டாவுக்கு நேர்மாறு: அதை இன்ஸ்டாலர்தான் உருவாக்க வேண்டும், அனுமதியோடு. அந்த ஃபோல்டரில் சாதாரணக் கணக்கு புதுக் கோப்பு உருவாக்கலாம். ஆனால் ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொருவர் படிக்க மட்டுமே முடியும். காலை கிராணி கடையின் பெயரைச் சேமித்துவிட்டால், மாலை கிராணியால் அதைத் திருத்த முடியாது. இன்ஸ்டாலர் கட்டும் கருவியான இன்னோ செட்டப்பில் டர்ஸ் பகுதியில் அந்த ஃபோல்டருக்கு யூசர்ஸ்-மாடிஃபை என்ற அனுமதியைச் சேர்த்தால் தீர்ந்தது. முதலாளி மட்டும்தான் கடைப் பெயரை மாற்ற வேண்டும் என்றால் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்; அப்போது நிரலிலும் சேமி பொத்தானை மற்றவர்களுக்கு மறைக்க வேண்டும்.

5. கோப்புக்குள் எப்படி எழுதுவது

ஜேசான் என்ற உரை வடிவம் போதும். ஐஎன்ஐயும் சரிதான். விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைக்கும் ரெஜிஸ்ட்ரி வேண்டாம் என்பது என் கருத்து: கடைக்காரர் போனில் இருக்கும்போது "அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று சொல்ல முடியாது.

தமிழ் எழுத்தையும் ஏற்கும் குறிமுறையான யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லி எழுதுங்கள். விண்டோஸில் பைதானின் ஓபன் கட்டளைக்கு என்கோடிங் சொல்லாவிட்டால் பழைய மேற்கத்திய குறிமுறையில் எழுதப் பார்க்கும். கடைப் பெயரில் முதல் தமிழ் எழுத்து வந்ததும் பிழை காட்டி நிற்கும். மேக்கில் எழுதிச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. ஜேசான் எழுதும்போது என்ஷூர் ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் "ஸ்ரீ முருகன் ஸ்டோர்" கோப்புக்குள் நான்கு இலக்கக் குறியீடுகளின் வரிசையாகக் கிடக்கும். நிரல் படிக்கும், மனிதரால் படிக்க முடியாது.

யாராவது அந்தக் கோப்பைப் பழைய நோட்பேடில் திறந்து சேமித்தால் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் சேரும். பைதானின் ஜேசான் அதைப் பார்த்ததும் மறுத்துவிடும். படிக்கும்போது மட்டும் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் இரண்டையும் ஏற்கும்.

எண்களையும் தேதிகளையும் திரையில் தெரியும் வடிவத்தில் சேமிக்காதீர்கள். நம் நாட்டு அமைப்பில் 1,234.50 என்று வரும். இந்தியத் தமிழ் அமைப்பைத் தேர்ந்தெடுத்த கணினியில் லட்சம் 1,00,000 என்று பிரியும். இந்தோனேசிய அமைப்பில் காற்புள்ளியே தசமப் புள்ளி. ஒரு கணினியில் எழுதியதை இன்னொன்று வேறு எண்ணாகப் படிக்கும். டாட்நெட்டில் இன்வேரியன்ட் கல்ச்சர் என்று கொடுங்கள். தேதி 05/03/2025 என்றால் மார்ச்சா மே மாதமா என்று கணினியின் அமைப்பைப் பொறுத்து மாறும். 2025-03-05 என்று எழுதினால் குழப்பமில்லை.

கடவுச்சொல்லை இந்தக் கோப்பில் வைக்கவே கூடாது. விண்டோஸில் புரொடெக்டட் டேட்டா, மேக்கில் கீசெயின் என்று தனி வழி இருக்கிறது.

6. சேமிக்கும்போது கரண்டு போனால்

இதுதான் நம் ஊரில் அதிகம் நடப்பது, பாடங்களில் குறைவாகச் சொல்லப்படுவது. சாயங்காலம் இடி இடித்து கரண்டு போகும். அந்த நொடியில் நிரல் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும். நேராக எழுதினால் முதல் வேலையாகப் பழைய கோப்பு காலியாகிறது, பிறகுதான் புதியது நிரம்புகிறது. இடையில் கரண்டு போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. சில நேரம் கோப்பின் அளவு சரியாக இருக்கும், திறந்தால் உள்ளே முழுக்க வெறும் பூஜ்ய பைட்டுகள்.

வழி மூன்று படிகள். செட்டிங்ஸ் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் வேறு பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை முழுதாக எழுதுங்கள். டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்யுங்கள்: டாட்நெட்டில் ஃபைல்ஸ்ட்ரீமின் ஃபிளஷ் கட்டளைக்கு ட்ரூ என்று கொடுங்கள், பைதானில் ஃபிளஷ் செய்துவிட்டு ஓஎஸ்.எஃப்சிங்க். பிறகு மூடிவிட்டுப் பெயரை மாற்றுங்கள்: பைதானில் ஓஎஸ்.ரீப்ளேஸ், டாட்நெட்டில் ஃபைல்.ரீப்ளேஸ். கியூட்டியில் என்றால் கியூசேவ்ஃபைல் இந்த மூன்று படியையும் தானே செய்துவிடும். இப்படிச் செய்தால் எந்த நொடியில் கரண்டு போனாலும் பழைய கோப்போ புதிய கோப்போ ஏதாவது ஒன்று முழுதாகக் கையில் இருக்கும்.

இரண்டு பொறிகள். தற்காலிகக் கோப்பை விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் எழுதாதீர்கள். அது வேறு டிரைவில் இருந்தால் பெயர் மாற்றம் நகலெடுப்பாக மாறிவிடும் அல்லது பிழை வரும், பாதுகாப்பு போய்விடும். டாட்நெட்டின் ஃபைல்.ரீப்ளேஸ் முதல் தடவை, பழைய கோப்பு இல்லாதபோது, பிழை எறியும். இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஃபைல்.மூவ் செய்யுங்கள்.

ஆன்டிவைரஸ் சில நொடி கோப்பைப் பிடித்துக்கொள்வதால் பெயர் மாற்றம் தோற்கலாம். 200 மில்லிநொடி விட்டு விட்டு ஐந்து தடவை முயலுங்கள். அதற்குப் பிறகும் முடியாவிட்டால் ஆளிடம் சொல்லுங்கள், சேமித்ததுபோல் நடிக்காதீர்கள்.

எப்போது சேமிப்பது? நிரலை மூடும்போது மட்டும் சேமித்தால் கரண்டு போன நாளில் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு விசைக்கும் சேமிப்பதும் வீண். ஆள் சரி என்று அழுத்தியதும் சேமியுங்கள். ஜன்னல் அளவு மாதிரிச் சின்ன விஷயங்களை மாற்றம் நின்று ஒரு நொடி கழித்துச் சேமித்தால் போதும்.

7. படிக்கும்போது எதையும் நம்பாதீர்கள்

கோப்பு இல்லை என்பது பிழை இல்லை, முதல் நாள் என்று பொருள். இயல்பான மதிப்புகளோடு தொடங்குங்கள்.

கோப்பு இருக்கிறது, படிக்க முடியவில்லை என்றால் அதை அழிக்காதீர்கள். பெயரின் பின்னால் "பழுது" என்ற பொருளில் ஏதாவது சேர்த்து ஒதுக்கி வையுங்கள், இயல்பான மதிப்புகளோடு திறங்கள், திரையில் ஒரு வரி சொல்லுங்கள். செட்டிங்ஸ் கோப்பு கெட்டதற்காக வரிசையில் லாரி நிற்கும்போது எடை நிரல் திறக்க மறுக்கக்கூடாது.

ஒரு செட்டிங் மட்டும் இல்லையென்றால் அதற்கு மட்டும் இயல்பான மதிப்பு. தெரியாத செட்டிங் இருந்தால் அப்படியே வைத்துத் திரும்ப எழுதுங்கள். புதிய பதிப்பு போட்டுவிட்டுப் பழையதற்குத் திரும்பிய கடையில் அது கைகொடுக்கும். கோப்பின் முதல் வரியிலேயே அமைப்பு எண் 1 என்று ஒன்றை வைத்துவிடுங்கள். நாளை அமைப்பை மாற்றும்போது எந்தக் காலத்துக் கோப்பு என்று தெரியும்.

8. தயார் வசதிகளைப் பயன்படுத்துபவர்களுக்கு

டாட்நெட் விண்டோஸ் ஃபார்ம்ஸில் பிராப்பர்ட்டீஸ் செட்டிங்ஸ் என்று ஒன்று இருக்கிறது. எளிது, ஆனால் சேவ் என்று அழைத்தால்தான் சேமிக்கும். அது கோப்பை வைக்கும் ஃபோல்டர் பெயரில் பதிப்பு எண் இருக்கும். புதிய பதிப்பு போட்டதும் எல்லாம் இயல்புக்குத் திரும்பும். திறந்தவுடன் ஒரு தடவை அப்கிரேட் என்று அழைக்க வேண்டும். அதற்கு, தொடக்கத்தில் ட்ரூ ஆக இருக்கும் ஒரு செட்டிங்கைச் சேர்த்து, அப்கிரேட் ஆனதும் ஃபால்ஸ் ஆக்கிச் சேமியுங்கள். நிரலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் அது வேறு நிரல் என்று எடுத்துக்கொள்ளும், அப்கிரேட் அங்கே உதவாது.

பைதான் பிளாட்ஃபார்ம்டர்ஸில் நிறுவனப் பெயர் கொடுக்காவிட்டால் நிரலின் பெயரை இரண்டு தடவை வைத்து ஃபோல்டருக்குள் ஃபோல்டர் உருவாக்கும். வேண்டாமென்றால் அந்த இடத்தில் ஃபால்ஸ் என்று கொடுங்கள். அது சும்மா இருந்தால் லோக்கலைத் தரும். ரோமிங் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து போட்ட பைதானில் ஓட்டினால், ஆப்டேட்டாவில் எழுதியது அங்கே தெரியாது. பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் திருப்பி விடப்பட்டிருக்கும்.

கியூட்டியின் கியூசெட்டிங்ஸ் விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியில் எழுதும். கோப்பு வேண்டுமென்றால் ஐஎன்ஐ வடிவம் என்று சொல்லுங்கள். நிறுவனப் பெயரையும் நிரல் பெயரையும் மெயினின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஜாவாவின் பிரிஃபெரன்சஸும் ரெஜிஸ்ட்ரிதான். ஒரு மதிப்பு 8192 எழுத்தைத் தாண்டக்கூடாது.

9. கடைக்குக் கொண்டுபோகும் முன் அரை நாள் சோதனை

சாதாரணக் கணக்கில் நுழைந்து, புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவிய நிரலைத் திறந்து, மொழியையும் கடைப் பெயரையும் மாற்றி, மூடித் திறந்து பாருங்கள். பிறகு இரண்டாவது கணக்கில் திறங்கள்: மொழி மாறியிருக்கக்கூடாது, கடைப் பெயர் மாறியிருக்க வேண்டும், அதைத் திருத்தவும் முடிய வேண்டும்.

தமிழில் பெயர் வைத்த ஒரு லோக்கல் கணக்கை உருவாக்கி அதிலும் ஓட்டுங்கள். அந்த ஃபோல்டர் பாதையில் தமிழ் எழுத்து இருக்கும். எந்த நூலகம் தடுமாறுகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சேமி பொத்தானை அழுத்திக்கொண்டே டாஸ்க் மேனேஜரில் நிரலைக் கொல்லுங்கள், இருபது தடவை. கோப்பு ஒரு தடவைகூடக் கெடக்கூடாது. பிறகு கோப்பைத் திறந்து நடுவில் பாதியை அழித்துவிட்டு நிரலைத் திறங்கள். பதிப்பு எண்ணை ஏற்றி, பழையதன் மேல் நிறுவிப் பாருங்கள். எல்லாம் சேர்த்து மூன்று, நான்கு மணி நேரம்.

10. கணினி மாற்றும்போதும் நீக்கும்போதும்

நிரலுக்குள் உதவிப் பகுதியில் "செட்டிங்ஸ் ஃபோல்டரைத் திற" என்று ஒரு பொத்தான் வையுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். போனில் வழி சொல்லிக் கண்டுபிடிக்க வைக்க முடியாது. இந்தப் பொத்தான் எழுத ஐந்து நிமிடம். புதுக் கணினி வாங்கும் நாளில் அந்தக் கோப்பைத் தம்ப்டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். காம் போர்ட் எண்ணை மட்டும் புதுக் கணினியில் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிரலை நீக்கும்போது செட்டிங்ஸையும் அழிக்கலாமா என்று கேளுங்கள். இயல்பாக "வேண்டாம்" என்று இருக்கட்டும். கோளாறு வந்தால் கடைக்காரர் முதலில் செய்வது நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான். அப்போது எம்பிஓபி உரிம எண்ணும் பிரிண்டர் தாள் அகலமும் அப்படியே இருந்தால் ஐந்தாவது நிமிடம் சீட்டு அடிக்கத் தொடங்கிவிடுவார்.